கதை சொன்ன இளவரசன்... கத்தி வீசிய இளவரசன்! - 'பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா' முதல் பாகமா, இரண்டாம் பாகமா?

ஹிட்டான படத்துக்கு பார்ட் 2 எடுக்கும்போது என்னவெல்லாம் நடக்குமோ, அது அத்தனையும் வீடியோ கேம் உலகத்திலும் நடக்கும். ஹீரோ தாடி வளர்த்திருப்பார். சிரிக்கவே மாட்டார். வில்லனின் சைஸ் இரண்டு மடங்காகியிருக்கும். பின்னணியில் கிடார் அலறும். முதல் பாகத்து ஹீரோயின் எங்கே என்று கேட்டால் பதிலே வராது. இந்தப் பொருத்தங்கள் எல்லாம் பத்துக்குப் பத்து அமைந்த கேம், 2004-ல் வந்த 'பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா: வாரியர் விதின்'.

அதற்குச் சரியாக ஒரு வருடம் முன்னால், 2003 நவம்பரில், 'பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா: தி சாண்ட்ஸ் ஆஃப் டைம்' வந்திருந்தது. இரண்டையும் உருவாக்கியது கனடாவில் இருக்கும் யூபிசாஃப்ட் மான்ட்ரியல் ஸ்டூடியோதான். ஹீரோவும் அதே ஆள்தான். ஆனாலும் இரண்டு கேம்களையும் அடுத்தடுத்து ஆடிப் பார்த்தால், இவனும் அவனும் ஒருவனா என்ற சந்தேகம் வரும். இருபது வருடங்கள் கடந்த பிறகும் ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை போடுவது இதனால்தான்.

சண்டையைத் தீர்ப்பதற்கு முன்னால் ஒரு ஸ்பாய்லர் அலர்ட். இரண்டு கேம்களின் க்ளைமாக்ஸையும் பேசாமல் இந்தப் பஞ்சாயத்து நடக்காது.

முதலில் கொஞ்சம் முன்கதை. 'பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா'வின் பூர்வீகம் 1989. ஜோர்டான் மெக்னர் என்ற அமெரிக்க இளைஞர் ஆப்பிள் 2 கம்ப்யூட்டருக்காகக் கிட்டத்தட்டத் தனியாளாக உருவாக்கியது. தன் சகோதரரை ஓடவிட்டு, தாவவிட்டு வீடியோ எடுத்து, அதைப் பார்த்து ஃபிரேம் ஃபிரேமாக வரைந்துதான் இளவரசனின் அசைவுகளை அமைத்தார். அதனால்தான் அந்தச் சின்ன உருவம் நிஜ மனிதனைப் போலவே ஓடியது, தாவியது, விளிம்பைப் பிடித்துத் தொங்கியது. அறுபது நிமிடங்களுக்குள் இளவரசியைக் காப்பாற்ற வேண்டும். தவறினால் எல்லாம் போச்சு. அந்த அறுபது நிமிடக் கெடுவில்தான் இந்த சீரிஸின் உயிர் இருந்தது. ஆரம்பத்திலிருந்தே இது நேரத்தைப் பற்றிய விளையாட்டு.

2003-ல் அந்த உயிரை அப்படியே தலைகீழாகத் திருப்பினார்கள். நேரம் கைவிட்டுப் போகும் கேம், நேரத்தைக் கையில் கொடுக்கும் கேமாக மாறியது.

'அப்படி நடக்கவில்லை, இருங்கள்!'

இடி, மின்னல், மழைக்காலத்து இரவு. அரண்மனை மாடம் ஒன்றில் இளவரசன் நிற்கிறான். விளையாடுபவர் அவனை நடத்திச் சென்று திரைச்சீலைக்குள் நுழைத்தால்தான் கேமே தொடங்கும். உள்ளே யாரிடமோ அவன் கதை சொல்ல ஆரம்பிக்கிறான். மொத்த கேமும் அவன் சொல்லும் அந்தக் கதைதான்.

கதை இது. அப்பாவின் படையோடு போகும் வழியில், இந்திய மகாராஜா ஒருவரின் அரண்மனையை இளவரசன் சூறையாடுகிறான். காட்டிக்கொடுத்தவர் மகாராஜாவின் சொந்த மந்திரி. கொள்ளையில் ஒரு குறுவாளும் பிரமாண்டமான மணல் கடிகாரமும் கிடைக்கின்றன. ஆஸாத் நகரத்துச் சுல்தானுக்குப் பரிசளிக்க அவற்றைக் கொண்டு போகும்போது, மந்திரியின் பேச்சைக் கேட்டு, குறுவாளால் மணல் கடிகாரத்தைத் திறந்துவிடுகிறான் இளவரசன். பீறிட்டுக் கிளம்பிய மணல், அரண்மனையில் இருந்த அத்தனை பேரையும் பிசாசுகளாக மாற்றிவிடுகிறது. தப்பியவர்கள் மூன்று பேர். இளவரசன், மந்திரி, அடிமையாகப் பிடித்து வரப்பட்ட மகாராஜாவின் மகள் ஃபாரா.

ஆக, ஊரையே அழித்தவன் ஹீரோதான். அதுவும் அப்பாவிடம் பெயர் வாங்கும் ஆசையில். சூப்பர் ஹீரோக்கள் நிறைந்த கேம் உலகத்தில் இப்படி ஒரு தொடக்கமே பெரிய துணிச்சல்.

குறுவாளின் சக்திதான் கேமின் புகழ்பெற்ற விஷயம். பள்ளத்தில் விழுந்துவிட்டால் ஒரு பட்டனை அழுத்திப் பிடித்தால் போதும். நேரம் பின்னோக்கி ஓடும். விழுந்தவன் மேலே பறந்து வந்து, தாவிய இடத்திலேயே போய் நிற்பான். சில விநாடிகள்தான் இப்படிப் பின்னால் போகலாம். மணல் தீர்ந்தால் அதுவும் கிடையாது. ஆனாலும் அதுவரை 'கேம் ஓவர்' பார்த்துப் பார்த்துச் சலித்திருந்தவர்களுக்கு இது வரமாக இருந்தது. சுவரில் ஓடுவது, தூணுக்குத் தூண் தாவுவது, சுழலும் ரம்பங்களுக்கு நடுவே புகுந்து போவது என்று எதையும் பயமில்லாமல் முயன்று பார்க்கலாம். தப்பு செய்தால் திருத்திக்கொள்ளலாம் அல்லவா?

மணலும் தீர்ந்து இளவரசன் செத்தே போனால்? அப்போதுதான் அந்தக் கதை சொல்லும் குரல் குறுக்கே வரும். இல்லையில்லை, அப்படி நடக்கவில்லை, தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று சமாளித்துவிட்டுக் கதையைப் பழைய இடத்திலிருந்து தொடரும். சாவைக்கூடக் கதை சொல்பவனின் நாக்குப் பிசகலாக மாற்றிய இந்த ஒரு யோசனைக்கே முதல் பாகத்துக்குத் தனி மரியாதை கொடுக்கலாம்.

இளவரசனும் ஃபாராவும் கூடவே நடக்கிறார்கள். ஒருவரை ஒருவர் நம்புவதில்லை. சும்மா சும்மா சண்டை போடுகிறார்கள். அவன் நுழைய முடியாத சுவர் இடுக்குகளில் அவள் புகுந்து போய்க் கதவைத் திறந்துவிடுகிறாள். அவன் வாளோடு நிற்கும்போது அவள் தூரத்திலிருந்து அம்பு விடுகிறாள். அவள் செத்தால் கேமும் முடிந்துவிடும். நடுநடுவே இளவரசன் தனக்குத்தானே புலம்புவது இருக்கிறதே... 'அவளுக்கு என்னைப் பிடித்திருக்கிறதா, என் அப்பா அவள் அப்பாவின் அரண்மனையைக் கொளுத்தியிருக்கிறாரே' என்கிற ரீதியில் ஓடும் அந்தப் புலம்பல்களுக்காகவே யூரி லோவென்தாலின் குரலை ரசிகர்கள் இன்னும் கொண்டாடுகிறார்கள். அலட்டல், பயம், வழிசல் எல்லாம் கலந்த பணக்காரப் பையனின் குரல் அது. கேம் முடிவதற்குள் அந்தக் குரல் பெரியவனாகிவிடுகிறது.

இப்படி ஆட்டத்தை ஈஸியாக்கி வைத்துவிட்டு, கடைசியில் கழுத்தில் கை வைக்கிறார்கள். ஃபாரா குறுவாளை எடுத்துக்கொண்டு போய்விடுகிறாள். இளவரசன் உயரமான கோபுரத்தில் ரீவைண்ட் இல்லாமல் ஏற வேண்டும். அதுவரை நூறு முறை விளையாட்டாகத் தாவிய அதே தாவலுக்கு இப்போது உள்ளங்கை வியர்க்கும். மேலே போனால், அதைவிட மோசமான காட்சி. ஃபாரா பள்ளத்தின் மேல் குறுவாளின் பிடியைப் பற்றித் தொங்குகிறாள். இளவரசன் கூர்ப்பக்கத்தைப் பிடித்திருக்கிறான். அவன் கையிலிருந்து ரத்தம் வழிகிறது. அவள் தன் பிடியை விட்டுவிடுகிறாள்.

அவளைத் திரும்பப் பெற இளவரசன் மொத்தக் கதையையும் ரீவைண்ட் செய்கிறான். படையெடுப்புக்கு முந்தைய இரவுக்கே போய்விடுகிறான். அந்த இரவில் அவன் மாடம் ஏறி வந்து கதை சொல்லும் ஆள் யாரென்று அப்போதுதான் புரிகிறது. ஃபாரா! அவளுக்கு இவனை யாரென்றே தெரியாது. எதுவும் நடக்கவே இல்லையே. நடந்ததெல்லாம் இவன் ஒருவனின் நினைவில் மட்டும்தான். மந்திரியை முடித்துவிட்டு, குறுவாளை அவளிடம் ஒப்படைத்துவிட்டு, அவள் ஒருமுறை ரகசியமாகச் சொல்லிக்கொடுத்த வார்த்தையைத் தன் பெயராகச் சொல்லிவிட்டு இருட்டில் மறைகிறான்.

எல்லாமே சூப்பரா என்றால் இல்லை. முதல் பாகத்தின் சண்டைக் காட்சிகள் சோதனை. பிசாசுகள் வந்துகொண்டே இருக்கும். எதிரியின் தலைக்கு மேல் தாவி முதுகில் ஒரு வெட்டு, கீழே விழுந்ததும் குறுவாளால் மணலை உறிஞ்சுவது. இதே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். மந்திரியோடு நடக்கும் கடைசிச் சண்டையும் சப்பென்று முடிந்துவிடும்.

கறுப்பு நிழல் துரத்துகிறது

விமர்சகர்கள் முதல் பாகத்தைத் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள். ஆனாலும் அடுத்த பாகத்தை இளைஞர்களுக்கான அடிதடி கேமாக மாற்றுவது என்று யூபிசாஃப்ட் முடிவெடுத்தது. மெக்னர் முதல் பாகத்தின் கதையை எழுதியவர். இரண்டாம் பாகத்தில் அவர் இல்லை. அதன் கலை இயக்கமும் வன்முறையும் தன் ரசனைக்கு ஏற்றவை அல்ல என்று பின்னாளில் பேட்டியிலேயே வெளிப்படையாகச் சொன்னார்.

அவர் வருத்தப்பட்டதில் நியாயம் உண்டு. 'வாரியர் விதின்' தொடங்கிய ஐந்தாவது நிமிடத்திலேயே வித்தியாசம் தெரிந்துவிடும். ஸ்டூவர்ட் சாட்வுட்டின் பாரசீக வாசனையுள்ள இசைக்கு நடுவே காட்ஸ்மேக் என்ற அமெரிக்க ராக் பேண்டின் பாடல்கள் நுழைந்துவிட்டன. பொன்னிற வெளிச்சம் போய், திரை முழுக்கச் சாம்பல் நிறம். இளவரசனின் குரலும் மாறிவிட்டது. ராபின் அட்கின் டவுன்ஸ் அவனுக்குக் கொடுத்திருப்பது உறுமல். எதிரியாக வரும் பெண்ணைக் கெட்ட வார்த்தையில் திட்டுகிறான். அந்தப் பெண் போட்டிருக்கும் உடையைப் பற்றிச் சொல்லாமல் விடுவதே மேல். அந்த உடையோடு எந்தப் போர்வீராங்கனையும் போருக்குப் போயிருக்க மாட்டாள் என்பது மட்டும் நிச்சயம்.

இத்தனைக்கும் பிறகு இந்த கேமை ஏன் பேச வேண்டும்? காரணம், இது கேட்கும் கேள்வி. முதல் பாகம் இளவரசனுக்குக் கொடுத்த ரீவைண்டுக்கு யார் விலை கொடுப்பது?

காலத்தின் மணலைத் திறந்தவன் சாக வேண்டும் என்பது விதி. இளவரசன் திறந்தான், சாகவில்லை. நேரத்தைப் பின்னுக்குத் தள்ளித் தப்பிவிட்டான். அந்தக் கணக்கை நேர் செய்ய ஒரு பூதம் கிளம்பி வருகிறது. அதன் பெயர் தஹாகா. காலத்தின் காவல்காரன். ஏழு வருடங்களாக அது அவனைத் துரத்துகிறது. தூக்கம் இல்லை, நிம்மதி இல்லை, பேச ஆள் இல்லை. பழைய சிரிப்பு எங்கே போனது என்ற கேள்விக்குக் கதையில் கிடைக்கும் பதில் இதுதான். உறுமலும் கெட்ட வார்த்தையும் மார்க்கெட்டிங் டிபார்ட்மென்ட் சேர்த்ததாகவே இருக்கட்டும். அவற்றுக்குக் கீழே ஒரு நியாயமான பயம் இருக்கிறது.

தஹாகா துரத்தும் காட்சிகளை ஆடியவர்கள் மறக்க மாட்டார்கள். திடீரென்று திரையின் நிறம் வெளிறும். பாட்டு மாறும். பின்னால் கறுப்புக் கயிறுகளைப் போலக் கைகள் நீளும். அதோடு சண்டை போட முடியாது. ஓட வேண்டும், அவ்வளவுதான். முதல் பாகத்தில் நிதானமாக யோசித்து யோசித்துத் தாவிய அதே சுவர்கள், அதே கம்பங்கள். இப்போது யோசிக்க அரை விநாடி கிடையாது. தண்ணீர்த் திரை ஒன்றைக் கடந்தால் தஹாகாவால் உள்ளே வர முடியாது. அந்தத் தண்ணீருக்கு அந்தப் பக்கம் போய் நின்று திரும்பிப் பார்க்கும் நிம்மதிக்கு ஈடாக முதல் பாகத்தில் எதுவும் இல்லை.

மணல் உருவாவதற்கு முன்பே போய் அதைத் தடுத்துவிட்டால் துரத்தலும் இருக்காது என்று இளவரசன் கணக்குப் போடுகிறான். காலத்தின் தீவுக்குக் கப்பலேறுகிறான். அங்கே ஒரே கோட்டை, இரண்டு காலம். நிகழ்காலத்தில் இடிந்து, கொடி படர்ந்து கிடக்கும் தோட்டம், கடந்த காலத்துக்குப் போனால் தண்ணீர் ஓடப் பசேலென்று நிற்கும். ஒரு காலத்தில் உடைந்த பாலம் இன்னொரு காலத்தில் முழுதாக இருக்கும். தோட்டக் கோபுரம், இயந்திரக் கோபுரம் இரண்டையும் இயக்கினால்தான் மகாராணியின் அறை திறக்கும். முதல் பாகம் நேர்க்கோட்டில் போகும் ரயில் என்றால், இது போன வழியிலேயே திரும்பத் திரும்ப வர வேண்டிய டவுன் பஸ். மேப்பைப் பார்த்தும் வழி தெரியாமல் சுற்றி, எரிச்சலில் பாதியில் விட்டவர்கள் அதிகம். போதாக்குறைக்கு, சேவ் செய்த ஆட்டத்தையே முடக்கிவிடும் கோளாறுகளும் இருந்தன.

பாதியில் விட்டவர்கள் இழந்தது நடுவில் வரும் திருப்பத்தை. உதவி செய்வதாக வரும் கைலீனாதான் காலத்தின் மகாராணி (குரல், இத்தாலிய நடிகை மோனிகா பெலூச்சி). இளவரசன் அவளோடு மோதிக் கொன்றுவிடுகிறான். ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தால், அவள் உடலிலிருந்துதான் காலத்தின் மணலே உருவாகிறது. எதைத் தடுக்க வந்தானோ அதைச் செய்து முடித்தவன் அவனே. முதல் பாகத்தில் தெரியாமல் மணலைத் திறந்தான். இப்போது அதைப் படைத்ததே அவன்தான் என்று ஆகிவிடுகிறது.

இதற்குப் பிறகு ஒரு முகமூடி கிடைக்கிறது. அதை அணிந்தால் தன் சொந்தக் கடந்த காலத்துக்குள் இன்னொரு ஆளாக நுழையலாம். கேமின் முற்பகுதியில் நிழலில் ஓர் உருவம் இளவரசனைப் பின்தொடர்ந்ததே, யாரது என்று புரியாமல் பயந்தோமே... அது இவனேதான்! முன்பு பார்த்த காட்சிகளையே இப்போது எதிர்ப்பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும். முன்பு தஹாகா அந்த நிழல் உருவத்தைப் பிடித்துக்கொண்டு இளவரசனை விட்டுவிட்டது. இந்த முறை நிழலாக இருப்பவன் தப்பிக்க வேண்டும். அதாவது, தன் பழைய உருவத்தையே தஹாகாவிடம் பலி கொடுக்க வேண்டும்.

சண்டையைப் பொறுத்தவரை இரண்டாம் பாகத்துக்கே வெற்றி. இரண்டு கையிலும் ஆயுதம் ஏந்தலாம். எதிரியின் ஆயுதத்தைப் பிடுங்கி அவன் மேலேயே வீசலாம். தூணைப் பிடித்துச் சுழன்றபடி வெட்டலாம். முதல் பாகத்தில் சண்டை வந்தால் 'எப்போது முடியும்' என்று இருக்கும். இதில் அடுத்த சண்டை எப்போது வரும் என்று இருக்கும். என்ன, தலைகள் உருளும். அமெரிக்காவில் முதல் பாகம் 13 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு என்ற முத்திரையோடும், இரண்டாம் பாகம் 17 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு என்ற முத்திரையோடும் விற்கப்பட்டன. வீட்டில் ஏழாவது, எட்டாவது படிக்கும் பிள்ளைகள் இருந்தால் முதல் பாகத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். இரண்டு கேம்களும் இப்போதும் பிசி ஸ்டோர்களில் கிடைக்கின்றன. பழைய கேம்கள் என்பதால் பெரிய கிராஃபிக்ஸ் கார்டு எதுவும் தேவைப்படாது.

ஒன்பது கதவுகள்

இரண்டாம் பாகத்துக்கு இரண்டு க்ளைமாக்ஸ் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. கோட்டைக்குள் ஒன்பது இடங்களில் ஆயுள் கூட்டும் சக்தி ஒளித்து வைக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் போகும் வழியெல்லாம் கூர்முனைகளும் சுழலும் கத்திகளும். ஒன்பதையும் எடுத்தவருக்கு மட்டுமே தண்ணீர் வாள் கிடைக்கும். அது கையில் இல்லாமல் கடைசிக்குப் போனால், கைலீனாவை மறுபடி கொன்றுவிட்டு இளவரசன் தனியாக ஊர் திரும்புவான். இருந்தால், அவளை விட்டுவிட்டு தஹாகாவோடு மோதலாம். அவள் உயிரோடு அவனுடன் கப்பலேறுவாள். அடுத்த பாகத்தின் கதை இந்த இரண்டாவது முடிவிலிருந்துதான் தொடங்குகிறது. அதாவது, உண்மையான க்ளைமாக்ஸைப் பெரும்பாலானவர்கள் பார்க்காமலேயே கேமை முடித்திருப்பார்கள்.

முதல் பாகம் இப்படி யாரையும் சோதிக்காது. கையைப் பிடித்துக் கூட்டிப்போய் முடிவைக் காட்டிவிடும். ஆனால், அந்த முடிவு ஒருவகையில் ஏமாற்றும்கூட. ஊரே அழிந்தது, அப்பா பிசாசானார், காதலி செத்தாள். ஒரு பட்டனை அழுத்தியதும் எதுவும் நடக்கவில்லை என்று ஆகிவிட்டது. தவற்றுக்கான தண்டனையாக மிஞ்சியது அவள் இவனை மறந்ததுதான். அழகான தண்டனைதான், ஆனால் லேசான தண்டனை. அந்தப் பாக்கியை இரண்டாம் பாகம் வட்டியோடு வசூலித்தது. வசூலித்த விதம்தான் முரட்டுத்தனம்.

அப்படியென்றால் எது பெஸ்ட்? கேமாக மட்டும் பார்த்தால், சண்டைக்கும் துரத்தலுக்கும் புதிர் போன்ற அந்தக் கோட்டைக்கும் 'வாரியர் விதின்' ஒரு படி மேலே. ஆனால், விளையாடி முடித்துப் பல வருடங்கள் கழித்தும் யாராவது 'பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா' என்று சொன்னதும் நினைவுக்கு வருவது ஃபாராவோடு போட்ட சண்டைகள்தான். துணைக்கு ஒருத்தி நடந்து வந்த கேமுக்கும், துரத்த ஒன்று ஓடி வந்த கேமுக்கும் உள்ள வித்தியாசம் அது. புதிதாக ஆடுபவர்கள் முதல் பாகத்தைத் தவிர்த்துவிட்டு நேரே இரண்டாவதுக்குப் போகவே கூடாது. ஃபாராவைத் தெரியாதவர்களுக்கு அந்த உறுமல் வெறும் உறுமலாகத்தான் கேட்கும்.

யூபிசாஃப்டுக்கே இந்தப் பஞ்சாயத்து காதில் விழுந்திருக்க வேண்டும். 2005-ல் வந்த மூன்றாம் பாகமான 'தி டூ த்ரோன்ஸ்'ஸில் யூரி லோவென்தாலின் குரல் திரும்பி வந்தது. ஃபாராவும் திரும்பி வந்தாள். இரண்டாம் பாகத்தின் கோபக்கார இளவரசனையும் அவர்கள் தூக்கி எறியவில்லை. அவனை இளவரசனின் தலைக்குள்ளேயே இன்னொரு குரலாகக் குடிவைத்தார்கள். கேம் முழுக்க அந்த இரண்டு குரல்களும் வாக்குவாதம் செய்துகொண்டே போகும். எல்லாம் முடிந்த பிறகு ஃபாரா இளவரசனிடம் ஒரு கேள்வி கேட்கிறாள். அவன் பக்கத்தில் நின்று, முதல் பாகத்தின் முதல் காட்சியில் சொன்ன அதே வார்த்தைகளில் கதையைச் சொல்லத் தொடங்குகிறான்.